நிப்பாட்டாதையும்

இது நடந்தது. வேறு யாருக்கோ அல்ல, எனக்கு. 2004 நவம்பர் 18, வியாழக்கிழமை. பேய்க்கதை கேட்டுச் சிரிக்கிற ஆள் நான். நீங்களும் சிரிக்க விரும்பினால் சிரியுங்கள், எனக்கு இனி ஒரு நட்டமும் இல்லை.

என் பெயர் தில்லைநாதன். தொண்ணூற்றாறில் சண்டைக்குத் தப்பிக் கிளாலிக் கடல் கடக்கும்போது, சனநெருக்கத்தில் என் மகள் தனுசியாவை யாரோ வேறு வள்ளத்தில் தூக்கி ஏற்றிவிட்டார்கள். அவளுக்கு மூன்று வயது. அந்த வள்ளம் எங்கே போனதென்று எவருக்கும் தெரியவில்லை. மனைவி அந்த ஏக்கத்திலேயே போய்விட்டாள். சமாதானம் என்று பாதை திறந்தபிறகு, ஒருநாள் சைக்கிளை எடுத்தேன். வவுனியாவிலிருந்து தீவுப்பகுதி வரை, பிள்ளைகள் இல்லம் ஒவ்வொன்றிலும் என் போன் நம்பரைக் கொடுத்துக்கொண்டு வந்தேன். அன்று இருபத்துமூன்றாம் நாள்.

போனின் பற்றறி எப்போதோ பழுது. பின்சில்லு டைனமோவிலிருந்து வயர் இழுத்துப் போனுக்குக் கொடுத்திருந்தேன். சைக்கிள் ஓடினால் போனுக்கு உயிர். நின்றால் அதுவும் நின்றுவிடும்.

அன்று பின்னேரம் ஐந்து மணிபோல், ஊர்காவற்றுறையில் மிதித்துக்கொண்டிருக்கையில் வவுனியா இல்லம் ஒன்றிலிருந்து சிஸ்ரர் எமிலி அழைத்தார்.

"உங்கடை பிள்ளை மாதிரி ஒண்டு இஞ்சை நிக்குது. இப்ப ரியூசனுக்குப் போயிட்டுது. நாளைக்கு ஒரு வெளிநாட்டுக் குடும்பம் கூட்டிக்கொண்டு போகப் போகினம். ஆறுக்கும் ஏழுக்கும் இடையிலை திருப்பி எடுக்கிறன். போனைப் பிடியுங்கோ, சரியோ?"

அன்றைக்கே வவுனியா போய்ச் சேர முடியாது. மாலையில் இராணுவச் சோதனைச்சாவடியில் பாதையைப் பூட்டிவிடுவார்கள். திருப்பி எடுக்க, அவரின் நம்பர் என் போனில் விழவில்லை. அந்த ஒரு அழைப்புத்தான் எனக்கிருந்த வழி. யாழ்ப்பாணம் நோக்கி மிதித்தேன்.

மாலை 6.05. சரவணையில் முன்சில்லு காற்றுப் போனது. மழையும் கொட்டத் தொடங்கியது. தெருவோரம் ஒரு வீடு. விறாந்தையில் ஏறி, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றினேன்.

"போனை உள்ளை தாரும். நனையப் போகுது."

பெண் குரல். யன்னலால் ஒரு கை நீண்டு வயரோடு வாங்கியது.

"விளக்கு இல்லையோ அக்கா?"

"எங்களுக்கென்னத்துக்கு? நீர் சுத்தும். நியூஸ் வரப்போகுது."

பொருளாதாரத் தடைக்காலத்தில் இப்படித்தான் டைனமோ சுற்றி றேடியோ கேட்டோம். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் கேட்பார்கள். பழைய ஞாபகத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

6.31.

"மகளுக்கு இப்ப பதினொண்டு, என்ன?"

நான் மகளைப் பற்றி வாயே திறக்கவில்லை...

சுற்றினேன்.

6.47. போன் அடித்தது.

பெடலை விட்டுப் பாய்ந்தேன். மணிச்சத்தம் தேய்ந்தது.

"நிப்பாட்டாதையும்! விட்டால் செத்துப்போகும்!"

அவள் சொன்னது சரிதான். ஓடிவந்து மறுபடி சுற்றினேன்.

"அக்கா, எடுங்கோ! சிஸ்ரரோ எண்டு கேளுங்கோ!"

கிர்ர்ர்... கிர்ர்ர்...

சில்லுச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே ஓர் ஆண் பேசினான். புருஷனாக்கும் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு சிரிப்பு.

"ஆர் அக்கா கதைச்சது?"

"பிழையான நம்பர்."

நம்பினேன். ஏழரை வரை சுற்றினேன். உள்ளங்கை வெடித்து இரத்தம் வந்தது. வேறு அழைப்பு வரவில்லை.

மழை விட்டது.

"அக்கா..."

பதில் இல்லை. யன்னலால் டோர்ச் அடித்தேன்.

உள்ளே கூரை இல்லை.

முழங்காலளவு மழைத்தண்ணீர். பற்றைச்செடிகள். ஆள் இல்லை.

போன் யன்னல் நிலையில் இருந்தது.

ஒரு சொட்டும் நனையவில்லை.

மறுநாள் பஸ் பிடித்து, பின்னேரம் 4.10க்கு வவுனியா இல்லத்தில் நின்றேன். சிஸ்ரர் எமிலி என்னைப் பார்த்த பார்வையை எந்தத் தகப்பனும் பார்க்கக் கூடாது.

"இப்ப ஏன் வந்தனீங்கள்? நேற்று உங்களோடைதானே கதைச்சனான்?"

"என்னோடையோ?"

"இதே குரல். வலது காதுக்குப் பின்னாலை கறுத்த மறு இருக்கோ எண்டு கேட்டனீங்கள். பாத்துப்போட்டு, ஓம் இருக்கு எண்டனான்."

அந்த மறு எனக்கும் செத்துப்போன என் மனைவிக்கும் மட்டும் தெரிந்தது. யாரும் பொய்ப் பிள்ளையைக் காட்டிவிடக் கூடாது என்று எந்த இல்லத்திலும் நான் அதைச் சொன்னதில்லை.

"பிறகு?"

"பிள்ளையிட்டைப் போனைக் குடுக்கச் சொன்னனீங்கள். குடுத்தன். அப்பா எண்டு கூப்பிட்டுது."

"நான்... என்ன சொன்னனான்?"

சிஸ்ரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீ அண்டைக்கே கடலிலை செத்துப்போனனீ, இனி என்னைத் தேடாதை எண்டு சொல்லிச் சிரிச்சனீங்களாம். அதை எனக்குச் சொன்னாப்பிறகு அந்தப் பிள்ளை வாய் திறக்கேல்லை. இண்டைக்குக் காலமை, ஆரெண்டும் கேக்காமல் அந்த வெளிநாட்டுக்காரரின்ரை வானுக்குள்ளை ஏறிட்டுது."