பந்தம் பிடித்தவள்

எங்கள் ஊர் ஆந்திராவிலேயே இருக்குமா, மெட்ராஸ் பக்கம் போய்விடுமா என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த வருடம் அது. நைனா மட்டும் எதையும் நம்பமாட்டார். அவருக்கு எல்லாம் அச்சில் வரவேண்டும். அந்த அச்சைப் படித்துச் சொல்ல வீட்டில் நான் ஒருத்திதான். ஐந்தாம் வகுப்பு. கர்வத்துக்குக் குறைவில்லை.

வேர்க்கடலை உரிக்கும் மாலைகளில் பழைய மாயக்கதைப் புத்தகம் ஒன்றை உரக்கப் படிப்பேன். கடலைத் தூசியில் வெயில் மிதக்கும். எதிரே நகரி மலையின் மூக்குப் பாறை மெல்ல நீலமாகி, கதையில் வரும் மந்திரவாதியின் மலையாகிவிடும்.

பாகாலாவில் வாழ்க்கைப்பட்ட அத்தை, நைனாவின் தங்கை, கையில் சூட்டுத் தழும்போடு வந்து ஒரு மாதமாகியிருந்தது. “பொம்பள புருசன் வூட்ல கீறதுதான் மருவாதி” என்று, வெள்ளிக்கிழமை ரயிலில் கொண்டுபோய் விட நைனா முடிவு செய்திருந்தார்.

அன்று படித்தது, ராஜகுமாரி மந்திரவாதியின் கோட்டையிலிருந்து தப்பிக்கும் கட்டம். பந்தம் பிடித்து வழிகாட்டிய வேலைக்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கு அந்த ஒரு வரிதான்.

“அப்புறம் அவ இன்னா ஆனா?” என்றாள் அத்தை.

புத்தகத்தில் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுத்தின்மேல் விரலை ஓட்டியபடி, அவள் திரும்பிப் போய் மந்திரவாதிக்குச் சோறு பொங்கினாள் என்றேன்.

அத்தையின் கை அப்படியே நின்றது. “அப்படியா போட்டுக்குது? நல்லா பாரு கண்ணு.”

பார்த்தேன். அவள் பந்தத்தை ஆற்றில் எறிந்தாள். ஏழு காடு நடந்தாள். மரங்கள் அவளுக்காகக் கிளைகளைத் தூக்கிக்கொண்டன. கடைசியில் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினாள். வேறு வீடு எதுவும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த நைனா எழுந்து உட்கார்ந்தார். “தெறந்தானா?”

“தெறந்தான் நைனா. இனிமே எங்கியும் போவாத, இங்கியே இருன்னான்.”

“புஸ்தகத்துலயே போட்டுக்குதா?”

தலையாட்டினேன். அத்தை சட்டென்று எட்டி, அவ்வளவு நேரமும் நான் திருப்ப மறந்திருந்த பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ரயில் கூவிக்கொண்டு போனது. அத்தை கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நைனா அவள் முன்னால் இன்னொரு முறம் கடலையைக் கொட்டினார்.

அந்தக் கார்த்திகை முழுவதும் பந்தம் பிடித்தவள் கடல் தாண்டினாள், யாளியின் முதுகில் தூங்கினாள். கோட்டைச் சமையல்காரிக்கும் குதிரைக்காரனுக்கும்கூடத் தனிக் கதைகள் முளைத்தன. நான் மறக்கும்போதெல்லாம் அத்தைதான் பக்கத்தைத் திருப்பினாள். எழுத்தே தெரியாதவளுக்குக் கதை கேட்பதில் எவ்வளவு அவசரம் என்று அப்போது நினைத்துக்கொள்வேன்.