கலரைப் பார்த்து ஏமாறாதீங்க என்றேன்

இன்று மவுஸ் வாங்க செஞ்சி கடைத்தெருவுக்குப் போனேன். கடையில் ஒரு பெண்மணி இளம்பச்சை லேப்டாப் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கேட்காமலேயே சொன்னேன்: "கலரப் பாத்து ஏமாறாதீங்கக்கா."

அவர் அதை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்தார். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நிலக்கடலை மூட்டைகளின் எடையைப் பதிவு செய்பவராம்.

"மல்லாட்ட மூட்டைங்க நடுவுல, வெளியில குந்திதான் வேலை சார். கலரு நல்லாத்தான் இருக்குது. ஆனா வெயில்ல ஸ்கிரீன்ல என் மூஞ்சிதான் தெரியுது. வேற காட்டுங்க."

கடைக்காரர் என்னைக் காட்டிச் சிரித்தார். "சாரு போன மாசம் இதே பச்சதான் எடுத்தாரு. ஆன் பண்ணிகூட பாக்கல."

மவுஸ் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

இதையும் அந்தப் பச்சை லேப்டாப்பில்தான் தட்டுகிறேன், ஜன்னலைச் சாத்திக்கொண்டு. சிரிப்பவர்கள், உங்கள் லேப்டாப் என்ன கலர் என்று சொல்லிவிட்டுச் சிரியுங்கள்.