மூன்று விதமான தெரியாது

கோளரங்கக் குவிமாடத்தில் நட்சத்திரங்கள் அணைந்து விளக்கு வந்ததும் பிரணதி லாஹிரி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கேளுங்க" என்பார். யாராவது கேட்பார்கள். தலையைச் சற்றுச் சாய்த்து யோசிப்பார். பிறகு, பெரும்பாலும், "தெரியாது" என்பார்.

அதில் மூன்று விதம் உண்டு. "எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்றேன்" என்றால் மறுநாள் நிஜமாகவே போன் செய்வார். "யாருக்கும் தெரியாது" இரண்டாவது. "யாருக்கும் தெரியவே வராது" மூன்றாவது. வானத்தில் ஓர் எல்லைக்கு அப்பாலிருந்து கிளம்பும் ஒளி எந்தக் காலத்திலும் நம்மை வந்து சேரப்போவதில்லை; அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த மூன்றாவது. எதையும் வருத்தத்தோடு சொல்ல மாட்டார். அடுத்த ரயில் எந்த நடைமேடை என்று அறிவிக்கும் குரல்தான்.

கொல்கத்தாவில் எங்கள் கோளரங்கத்தின் வாசலில் நான் சீட்டுக் கிழிக்கிறவன். கரியாஹாட் மார்க்கெட்டிலும் பிரணதியைப் பார்த்திருக்கிறேன். "இது பத்மா ஆத்து இலிஷ் மீனா?" என்று கேட்டார். மற்ற மீன்காரர்கள் எல்லாரும் சத்தியம் செய்தார்கள். ஒருவன் மட்டும், "கொண்டு வந்தவன் சொன்னான் தீதி, நான் ஆத்துக்குப் போகலை" என்றான். அன்றிலிருந்து அவனிடம்தான் வாங்குகிறார். அவன் மீன் சுமார்தான்.

டியூஷன் சென்டர் நடத்தும் ஒருவர் மாணவர்களை அழைத்து வந்தபோது வினை வந்தது. பிரபஞ்சத்தில் பெரும்பங்கு எதனால் ஆனது என்ற கேள்விக்கு இரண்டாவது விதம் பதிலாகக் கிடைத்தது. அவர் நேரே இயக்குநர் தேபல் சான்யாலிடம் போனார். "பசங்க பரீட்சையில தெரியாதுன்னு எழுதினா மார்க்கு நீங்க போடுவீங்களா?"

சான்யால் பிரணதியைக் கூப்பிட்டு, இனிமேல் 'ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது' என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

"மூணாவது விதத்துக்கு என்ன ஆராய்ச்சி நடக்குது, தேபல்தா?" என்றார் பிரணதி. இங்கே 'தா' என்றால் அண்ணன்.

அடுத்த மாதம் பிரணதிக்குப் பதிலாக ஒலிப்பதிவு வந்தது. யாரோ நடிகரின் கனத்த குரல். அதற்குத் தெரியாதது எதுவும் இல்லை. பிரணதியை நினைவுப்பொருள் கடைக்கு அனுப்பினார்கள். பிளாஸ்டிக் சனிக்கிரகம் விற்றார். புகார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காட்சி முடியும் நேரம் வந்தால் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்பார். கொஞ்ச நேரம் கழித்து உட்கார்ந்துவிடுவார். சில வாரங்களில் ஜனங்கள் குவிமாடத்திலிருந்து வெளியே வந்ததும் கடை முன் கூட ஆரம்பித்தார்கள். ஒலிப்பதிவைக் கேள்வி கேட்க முடியாதல்லவா?

போன புதன்கிழமை மதியம் நல்ல மழை. ஆளே இல்லை. நானும் கடையில் ஒதுங்கியிருந்தேன். சான்யால் வந்தார். சனியை எடுத்து வளையத்தைச் சுற்றினார். இங்கே வருவதற்கு முன் அவர் வெளிநாட்டில், ஒரு பழைய சுரங்கத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாத ஏதோ துகளுக்காகப் பத்துப் பதினோரு வருஷம் காத்திருந்தவர். காத்திருந்ததிலேயே தலை நரைத்தது என்பார்கள்.

"இன்னிக்கு அதை மூடிட்டாங்க, பிரணதி. கடைசி வரைக்கும் ஒண்ணும் சிக்கலை."

பிரணதி விலைச்சீட்டு ஒட்டுவதை நிறுத்தினார்.

"நாங்க தேடினது இருக்கா, இல்லையா?"

"யாருக்கும் தெரியாது, தேபல்தா."

அவர் சனியைக் கீழே வைத்தார். "மூணாவது விதம் இல்லையே?"

பிரணதி தலையைச் சாய்த்தார். இவ்வளவு நேரம் அவர் யோசித்து நான் பார்த்ததில்லை.

"அது எனக்குத் தெரியாது" என்றார்.

சான்யால் தலையாட்டினார். போகவும் இல்லை. பிரணதி மேஜைக்கடியிலிருந்து பொரிப் பொட்டலத்தை எடுத்துப் பழைய செய்தித்தாளில் கொட்டினார். அதிலிருந்த ஒரே பச்சைமிளகாயை சான்யால் பக்கம் நகர்த்தி வைத்தார்.