புளி போட்டு விளக்கிய கல்

என் சித்தப்பா ஒரு பொறுக்கி. கல் பொறுக்கி என்றுதான் முழுசாகச் சொல்ல வேண்டும். ஆனால் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் யாருக்கும் அவ்வளவு நேரம் இருந்ததில்லை, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தோளில் ஒரு காக்கிப் பை, கையில் சின்னச் சுத்தியல், கழுத்தில் கயிறு கட்டிய லென்ஸ் என்று போளூர் பஸ்ஸில் ஏறிவிடுவார். சாயங்காலம் காலில் அட்டைக்கடியோடும் பையில் கல்லோடும் திரும்புவார்.

அவருடைய ஆசை பச்சைக் கற்கள். அதிலும் செம்பிலிருந்து உண்டாகும் பச்சைப் படிகங்கள். பழனி மலையில் செம்பு கிடையாது. மீனே இல்லாத குளத்தின் கரையில் தூண்டிலோடு குடியிருக்கும் மனுஷரை எனக்கு அப்போதே தெரியும் என்று இன்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஓடைகளில் கிடைக்கிற சிவப்பு மணிக்கற்களைப் பொறுக்கி, வடக்கே ஏதோ ஒரு சுரங்க ஊரில் இருந்த இன்னொரு பொறுக்கிக்குத் தபாலில் அனுப்புவார். அந்த ஆள் பதிலுக்குப் பச்சைக்கல் அனுப்புவார். சித்தப்பா வேலை பார்த்ததே தபால் ஆபீசில்தான் என்பதால் இந்தப் பண்டமாற்று எங்கள் வீட்டாருக்குத் தெரியாமலே வெகுகாலம் நடந்தது.

அப்படி வந்தவற்றில் ராஜா, ஒரு மலாக்கைட். உள்ளங்கை அகலத்தில் துருப்பிடித்த சாம்பல் கல். அதன் முதுகு முழுக்க ஊசி ஊசியாக, மயிரைவிட மெல்லிசாக, பச்சைப் படிகம். ஒரு பக்கம் சாய்த்தால் கரும்பச்சை, மறுபக்கம் சாய்த்தால் இளம்பச்சை, வெல்வெட் ஜாக்கெட்டை எதிர்த்திசையில் தடவியதுபோல. தடவக் கூடாது என்பதுதான் அதன் முதல் சட்டம். பஞ்சு மெத்தை போட்ட டப்பாவில், கண்ணாடி அலமாரியில், வீட்டில் எங்களைவிடச் சௌகரியமாக இருந்தது.

"என்ன சார் இது?" என்று யாராவது கேட்டால், மலாக்கைட் என்று சொல்லிப் பார்ப்பார். எதிராளி முழிப்பதைக் கண்டதும் இறங்கி வருவார்: "செம்புதான் சார். செம்புல பிடிச்ச களிம்பு." இந்த வாக்கியத்தை நான் குறைந்தது ஐம்பது தடவை கேட்டிருப்பேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டதால்தான் வினை.

சித்தப்பாவுக்கு முப்பத்து மூன்று முடிந்தும் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. முதல் இடத்தில், மாமனாராக வேண்டியவர் போட்டிருந்த மரகத மோதிரத்தை லென்ஸ் வைத்துப் பார்த்து, அது சோடா பாட்டில் கண்ணாடி என்று கண்டுபிடித்துக் கொடுத்தார். இரண்டாம் இடத்தில், மாப்பிள்ளைக்கு என்ன சொத்து என்று கேட்டவர்களிடம் அலமாரியைத் திறந்து காட்டினார். தப்பு என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் திருத்தாமல் அவரால் சும்மா இருக்க முடியாது. என் பாடப் புத்தகத்தைக்கூடச் சிவப்பு மையில் திருத்தி வைத்திருந்தார். டீச்சரிடம் நான்தான் அடி வாங்கினேன்.

மூன்றாவது இடம் பழனியில், பாத்திரக்கடைக்காரர் வீட்டுப் பெண். சித்தப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லையாம். வாயைத் திறக்கக் கூடாது என்று அவர் கிளம்பும்போதே என் அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். வந்ததிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை அவருக்கு. அடுத்து அவர்கள் எங்கள் வீட்டைப் பார்க்க வர வேண்டும். பெண்ணையும் கூட்டிக்கொண்டு, ஏரியைச் சுற்றிப் பார்க்கிற சாக்கில் வருவதாகச் சேதி வந்தது. கொடைக்கானலில் குடியிருப்பவர்களுக்கு இந்தச் சாக்கு புதிதில்லை.

"இதுவும் போச்சுன்னா அவன் கல்லோடதான் குடும்பம் நடத்தணும்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். ஒன்பது வயதில் எனக்குக் குடும்பப் பொறுப்பு அதிகம்.

அவர்கள் வருகிற நாள் காலை வெள்ளனே அம்மா என்னை எழுப்பிக் கொல்லையில் உட்கார வைத்தாள். முன்னால் குத்துவிளக்கு, செம்புக் குடம், சொம்பு, தட்டு. பக்கத்தில் பழம்புளி, சாம்பல், தேங்காய் நார்.

"வர்றவங்க பாத்திரக்கடைக்காரங்க. எதுலயும் ஒரு பொட்டுக் களிம்பு இருக்கப்படாது. வெரசா தேயி."

தேய்த்தேன். எல்லாம் பளபளத்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வீட்டிலேயே அதிகமாகக் களிம்பு பிடித்த சாமான் எது? பாவம் சித்தப்பா, அத்தனை வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டியும் யாரும் விளக்கிக் கொடுக்கவில்லையே?

சித்தப்பா முடிவெட்டப் போயிருந்தார். அலமாரியின் சாவி அலமாரியிலேயே தொங்கியது. கல்லை எடுத்துவந்து புளியை அப்பினேன். சின்னச் சின்னக் குமிழாக நுரைத்தது. களிம்பு பயப்படுகிறது என்று சந்தோஷமாக இருந்தது. நாரைப் போட்டு இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்தேன். தண்ணீர் ஊற்றினேன். பச்சை கரைந்து வழிந்தது.

உள்ளே செம்பு மின்னும் என்று எதிர்பார்த்தேன். ரோட்டோரத்துக் கல் ஒன்று கையில் இருந்தது.

ஏதோ கோளாறு என்று அப்போதுதான் பட்டது. துடைத்து, பஞ்சில் வைத்து, டப்பாவை மூடி, அலமாரியைச் சாத்தினேன். பிறகு கழிப்பறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். துரத்தப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இன்றுவரை எனக்குத் தெரியாது.

பதினொரு மணிக்கு ஜீப் வந்ததும் அம்மா கதவைத் தட்டி என்னையும் கூடத்துக்கு இழுத்துவந்தாள். காபி, கேசரி, ஏரி, குளிர் என்று பேச்சு ஒழுங்காகத்தான் போனது. பெண்ணாக வந்த அக்கா ஜன்னலோரம் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பா சும்மா இருக்காமல் அலமாரியைக் காட்டி, "அதென்ன தம்பி, எல்லாம் கல்லா இருக்கு?" என்றார்.

"இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமே தம்பி" என்றாள் அம்மா. குரலில் கும்பிடு இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு மட்டும், மதினி" என்று எழுந்தார் சித்தப்பா.

டப்பாவைக் கொண்டுவந்து அக்கா முன்னால் வைத்துத் திறந்தார். பஞ்சின் மேல் வெறும் சாம்பல் கல் கிடந்தது. அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். சித்தப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். திட்டுவது போலவும் இல்லை, அழுவது போலவும் இல்லை; விலாசம் இல்லாத கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல இருந்தது.

"நான்தான் விளக்கினேன்" என்றேன். "களிம்புன்னு நீங்கதானே சொன்னீங்க." கல்லும் போய், கல்யாணமும் போய், இரண்டும் என்னால்தான் என்று தெரிந்தது.

அக்கா கல்லை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"பழம்புளி" என்றார். "நார் போட்டுத் தேச்சியா பாப்பா?"

தலையை ஆட்டினேன்.

"நல்லாத்தான் தேச்சிருக்க. எங்க கடையில நாலு பேரு சம்பளம் வாங்கிட்டு இதுல பாதிகூடத் தேய்க்கிறதில்ல." பிறகு சித்தப்பாவிடம் திரும்பிச் சொன்னார், அதுதான் அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு: "இதுக்கா இப்படி உக்காந்திருக்கீங்க? களிம்பு எங்கிட்டுப் போயிரப் போகுது? ஈரத்துல வைங்க, தானா வந்திரும். எங்க கடையில தினம் இதே சோலிதான்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சித்தப்பா திருத்தப்போகிறார். மண்ணுக்குள் எத்தனை ஆயிரம் வருஷம், என்னென்ன அமிலம், எல்லாம் வரப்போகிறது.

சித்தப்பா அக்காவைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றார். "வந்திரும்."

எனக்கு உயிர் வந்தது. சித்தப்பாவே சொல்லிவிட்டார், வந்துவிடும். மீதமிருந்த கேசரியை நானே தின்று தீர்த்தேன்.

ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. அக்கா சித்தியானார். கல்லைக் கொல்லைச் சுவரில், கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடமாகப் பார்த்து வைத்தார். பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு தரம், வந்ததும் ஒரு தரம் போய்ப் பார்ப்பேன். கார்த்திகையில் ஒரு நாள் ஓரத்தில் லேசாகப் பச்சை தெரிந்தது. நாலு நாளில் மெத்தென்று பரவியது. ஓடிப்போய் இருவரையும் இழுத்துவந்தேன்.

"நான் சொல்லல?" என்றார் சித்தி.

சித்தப்பா குனிந்து, லென்ஸைக் கண்ணில் வைத்து, வெகுநேரம் பார்த்தார். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற லென்ஸ் அது. சோடா பாட்டில் கண்ணாடியை மரகதத்திலிருந்து பிரித்த லென்ஸ். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார்.

"அதேதான்" என்றார்.

அது பாசி என்று எனக்குத் தெரியப் பல வருஷம் ஆயிற்று. அவருக்கு எப்போது தெரியும் என்பது விளங்க இன்னும் கொஞ்ச வருஷம்.