இரவல் குடை

டென்மார்க்கின் விபோர்க் ரயில் நிலையத்தில் மழை. வாசலருகே ஒரு மரச்சட்டத்தில் பழைய குடைகள் தொங்குகின்றன. மேலே பலகையில் ஜப்பானிய எழுத்து. கீழே டேனிஷில் 'இரவல் குடை' என்று எழுதியிருக்கிறது. அது ஒன்பது நிமிட ஜப்பானியக் கார்ட்டூன் படமொன்றின் பெயர்.

அந்த எழுத்துகள் எனக்குத் தெரியும். பதினான்கு வயதில் என் மகள் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து, பக்கத்துக்குப் பக்கம் அந்தப் பெயரை எழுதி, கீழே குடைகளாக வரைந்து ஒரு கொப்பியை நிரப்பினாள். படிப்புக் கெடுகிறது என்று நான் அதைக் கிழித்தேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எடுங்கோ ஐயா," என்கிறார் நிலையத்துக் கோப்பிக் கடையில் நிற்கும் தமிழ்ப் பெண். "படத்தில வாற மாதிரித்தான். ஆரும் கொண்டுபோகலாம், பிறகு கொண்டுவந்து கொழுவிவிட்டாச் சரி. இப்ப கன இடத்தில இப்பிடி வைக்கினம்."

"களவு போகாதோ?"

"எங்கட ஆக்கள்தான் அப்பிடிக் கேக்கிறவை," என்று சிரிக்கிறார். "ஆரிட்டப் போறியள்?"

"மகளிட்ட. நான் வாறது அவளுக்குத் தெரியாது. ஆறு வருசமா என்னோட கதைக்கிறதில்லை. பிழை என்னில."

அவரது சிரிப்பு நிற்கிறது.

"அவள் கதவு திறக்காட்டி, குடையை வாசலில வச்சிட்டு வரலாமோ?"

"வையுங்கோ. மகள் கொண்டுவந்து கொழுவுவா. திருப்பிக் குடுக்கவேணுமெண்டு இஞ்ச எல்லாருக்கும் போல அவவுக்கும் தெரியும்தானே."

தெரியும். நான் திருப்பிக் கொடுக்க வேண்டியது ஒரு கொப்பி. அது என்னிடம் இல்லை. குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் இறங்குகிறேன்.