சகலை வண்டிக்கு அடியில் டேப்போடு

போன ஆவணியில் கடப்பாக்கம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் என் மச்சினன் குழந்தைக்குக் காதுகுத்து. எல்லோரும் பந்திக்குப் போன நேரத்தில், நான் மட்டும் வெள்ளை வேட்டியோடு என் சகலையின் மினி லாரிக்கு அடியில் கிடந்தேன். ஏன் என்று சொல்ல இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நானும் சகலையும், அதாவது என் மனைவியின் அக்கா வீட்டுக்காரரும், ஒரே வாரத்தில் ஒரே மாதிரி வண்டி எடுத்தவர்கள். எனக்குச் செங்கல், மணல் என்று அன்றாடம் அலைந்து பிடிக்கிற லோடு. அவருக்கு மறைமலைநகர் கம்பெனி லோடு, மாதம் முழுக்க நிற்காமல். அவர் பன்னிரண்டாவது பாஸ், நான் எட்டாவதோடு நின்றவன். அவர் வண்டியில் பாட்டு, குட்டி ஃபேன், கண்ணாடியைச் சுற்றி கலர் லைட்டு. என் மகளே "பெரியப்பா வண்டிதான் சூப்பர்" என்பாள். நானும் சிரித்து வைப்பேன். வயிறு எரியும்.

காதுகுத்துக்கு மூன்று மாதம் முன்பு, மாமல்லபுரம் தாண்டி குறுக்கே வந்த மாட்டுக்கு ஒதுங்கப் போய், என் வண்டி ரோட்டோரக் கல்லில் ஏறிவிட்டது. எனக்கு அடி இல்லை. முன்பக்கம் இடது சக்கரத்துக்கு மேலே லோடைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டை உடைந்துபோனது. செங்கல்பட்டில் வழக்கமாகப் பார்க்கிற மெக்கானிக் புதுப் பட்டை கட்டிக் கொடுத்தார். வெளியே எடுத்து நிறுத்திப் பார்த்தால், வண்டி டிரைவர் பக்கம் சாய்ந்து நிற்கிறது.

அன்றோடு தூக்கம் போச்சு. நான் சும்மாவே பயந்த ஆள். வீட்டில் கேஸ் அடுப்பை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவன். சேஸிஸ் வளைந்திருக்குமோ, திருப்பத்தில் கவிழ்த்து விடுமோ என்று ஒரே யோசனை. காற்றுப் பிடித்துப் பார்த்தேன். டயரை இடம் மாற்றிப் பார்த்தேன். தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்தேன். வலது பக்கம் ஒன்றரை இஞ்ச் குறைந்தது. மெக்கானிக்கிடம் மூன்று தடவை போய்ச் சண்டை போட்டேன். "அண்ணாத்த, நான் அன்னிக்கே இன்னா சொன்னேன்?" என்று அவர் ஆரம்பிப்பார். நான் காதில் வாங்காமல் கத்திவிட்டு வந்துவிடுவேன். சகலையும் தன் வண்டியை அவரிடம்தான் வேலைக்கு விடுகிறார். அவர் வண்டி மட்டும் நேராக நிற்கிறதே? அவருக்கு நல்ல சாமான், எனக்குக் கழித்த சாமான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

மண்டபத்தில் இரண்டு வண்டியும் காலியாக, சமமான சிமெண்டுத் தரையில், பக்கத்தில் பக்கத்தில் நின்றன. டேப்பை எடுத்தேன்.

அவர் வண்டியில் இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஆனால் அது என் வண்டியில் தாழ்ந்து நிற்கிற பக்கத்தின் அளவு! நம்பாமல் இன்னொரு தரம் அளந்தேன். அதேதான். அப்போதுதான் மெக்கானிக் அன்றைக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. "ரெண்டு பக்கமும் சேத்து மாத்திடு அண்ணாத்த." நான்தான் அவசரத்தில், "ஒடஞ்சத மட்டும் போடுப்பா" என்றேன். புதுப் பட்டை சரியான உயரத்தில்தான் நின்றிருக்கிறது. என் பழைய பக்கம் லோடு அடித்து அடித்துத் தொய்ந்திருக்கிறது. சகலை வண்டி இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தொய்ந்ததால் நேராகத் தெரிந்திருக்கிறது. இதைப் பார்த்தா மூன்று மாதம் வெந்தேன்!

அவர் பட்டையையும் பார்த்துவிடலாம் என்று அடியில் நுழைந்தேன். இடது பக்கம் மெயின் பட்டையில் விரிசல். பாதி அகலத்துக்குத் துருக்கோடு ஓடியிருந்தது. லோடோடு ஒரு பள்ளத்தில் விழுந்தால் போதும், என்னுடையது மாதிரியே உடையும்.

"யோவ், எல போட்டாச்சு. அங்க இன்னாய்யா பண்ணிகினு கீற?" என் மனைவி.

"செருப்பு உள்ள போயிடுச்சு."

"கால்லதான கீது!"

போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்து இலை சகலை. "இன்னா சகல, வேட்டில கிரீஸு? காதுகுத்துக்கு வந்தியா, வேலைக்கு வந்தியா?" என்றார். பந்தியே சிரித்தது. விரிசலைப் பற்றிச் சொல்லாமல் சோற்றைப் பிசைந்தேன். சொன்னால், நீ ஏன் அங்கே போனாய் என்று கேட்பார்களே. அதோடு, மறைக்காமல் சொல்கிறேன், அவர் வண்டியிலும் குறை இருப்பதில் எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

சாப்பாடு முடிந்து, சகலை பாத்திரபண்டம், பாய், நாற்காலி எல்லாம் ஏற்றிக் கிளம்பினார். என் மகள் ஓடிப்போய் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். கையைப் பிடித்து இறக்கினேன். அவள் அழுதாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் இறங்கிய இடத்தில் சகலையின் சின்ன மகள் ஏறி உட்கார்ந்து, "சித்தப்பா, டாட்டா" என்று கை ஆட்டினாள். வண்டி ஸ்டார்ட் ஆனது.

ஓடிப்போய் முன்னால் நின்றேன். "எடுக்காத! பட்டை விரிசல் வுட்டுகினு கீது!"

சகலை இறங்கி, பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டி, அடியில் போய்ப் பார்த்தார். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"உனக்கு எப்டி சகல தெரியும்?"

"அளந்தேன்."

"இன்னாத்துக்கு?"

சுற்றிலும் சொந்தக்காரர்கள். "உன் வண்டி மட்டும் நேரா நிக்குதேன்னு பொறாம" என்றேன். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மகளைத் தூக்கி இறக்கிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். "உன் பொண்ண மொதல்ல எறக்கிட்ட இல்ல?"

நான் போய் வண்டியிலிருந்து பாய்களை இறக்க ஆரம்பித்தேன்.

அடுத்த வாரம் செங்கல்பட்டில் அவர் இரண்டு பக்கமும் மாற்றினார், நான் விட்டுப்போன பக்கத்தை மாற்றினேன். மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். சகலை டீ வாங்கிக் கொடுத்தார், பழையபடி கிண்டலும் செய்கிறார். அந்தக் கேள்வியை மட்டும் அவர் மறுபடி எடுக்கவே இல்லை.

பொறாமை என்னைவிட்டுப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். யார் வண்டி பக்கத்தில் நின்றாலும் என் கண் முதலில் மட்கார்டுக்குத்தான் போகிறது, ஆனால் ஏதாவது தப்பாகப் பட்டால், அந்தக் குழந்தை கை ஆட்டியது கண்ணுக்கு முன்னால் வந்து, எதற்குப் பார்த்தாய் என்று கேட்பார்களே என யோசிக்கும் முன்பே வாயைத் திறந்துவிடுகிறேன்.