ஓடச் சொல்ல ஓர் ஆள்

எங்கள் அணியைப் போல ஆளை ஏமாற்றுகிற அணி ஒஸ்லோவில் வேறு இல்லை. கடைசி இடத்தில் கிடக்கிறவர்களிடம் தோற்றுவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே முதலிடத்தில் இருக்கிறவர்களை வெல்வார்கள். இனித் திருந்திவிட்டார்கள் என்று நம்பி, அதற்கடுத்த கிழமை நான் விடியக்காலை எழும்பி ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனால், கைக்கு நேரே வருகிற பந்தைக்கூடக் கீழே போடுவார்கள். அன்றைக்கு ரோல்ஸ் மட்டும் ஒன்றும் மிஞ்சாது. தோற்றவர்களுக்குத்தான் பசி கூட என்பதை நான் அந்தக் கோடையில் கண்டுபிடித்தேன்.

இது கிரிக்கெட் அல்ல, பேஸ்பால். எனக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், என் கணவர்தான் தொடர்பு. அவர் பஸ் ஓட்டுகிறவர். அவருடைய டிப்போவில் வேலை செய்யும் ஒரு கியூபாக்காரர் ஓர் அணியை நடத்துகிறார். அதில் கியூபாக்காரர் சிலர், இரண்டு யப்பானியர், மிச்சம் பல்கலைக்கழகப் பெடியன்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், பள்ளிக்கூடக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் ஆடியதாக என்னுடையவர் வாயை விட்டிருக்கிறார். கியூபாக்காரர் விடவில்லை. ஐம்பதை நெருங்கிய மனிதர் இறுக்கமான வெள்ளைக் காற்சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து நின்றபோது, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னப்பா இது, வயது போன காலத்திலை விசரே?" என்று கேட்டேன்.

"நீரும் வாருமன், வந்து பாரும்" என்றார்.

போனேன். உண்மையைச் சொன்னால், போவதற்கு எனக்கு வேறு இடமும் இருக்கவில்லை. பிள்ளைகள் இருவரும் படிக்கவென்று வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். ஒஸ்லோவின் ஓரத்தில், மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகள் பெரிய நீளமாகிவிட்டிருந்தன. மலிவு விலையில் எந்தக் கடையில் கோழி போட்டிருக்கிறார்கள் என்பதைத் தவிர எங்கள் இருவருக்கும் கதைக்க ஒன்றும் இல்லை. நான் குழந்தைகள் காப்பகத்தில் நாள் முழுக்கக் கத்திவிட்டு வருகிறவள். அவர் நாள் முழுக்கப் பஸ்சில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு வருகிறவர். வீட்டுக்கு வந்தால் நான் களைத்திருப்பேன், அவர் பழக்கத்தில் பேசாமல் இருப்பார்.

அந்த விளையாட்டு எங்களைத் திரும்பக் கதைக்க வைத்தது. கதைத்தது என்பதைவிடச் சண்டை பிடித்தது என்பதே சரி. இரண்டாவது கிழமையே நான் கைபேசியில் விதிகளைத் தேடி வாசிக்கத் தொடங்கிவிட்டேன். ஒரு நாற்சதுர முற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் நிலத்தோடு ஒட்டியபடி ஒரு வெள்ளைத் தட்டு. அதில் நின்று பந்தை அடித்துவிட்டு, முதலாம், இரண்டாம், மூன்றாம் மூலைகளைச் சுற்றித் திரும்பவும் அந்தத் தட்டுக்கு வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். நடுவில் பந்து உங்களை முந்தினால் நீங்கள் அவுட். இவ்வளவுதான். இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. என் கணவருக்கு ஒரு கோடை முழுவதும் போதவில்லை.

அவர் நன்றாக அடிப்பார், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பந்து வந்தால் மட்டை தானாகப் போய் அதைச் சந்திக்கும். ஆனால் ஓடமாட்டார். கால் ஏலாமல் இல்லை. கிரிக்கெட்டில் இருவர் சேர்ந்து ஓடுவார்கள். "வா" என்று ஒருவர் குரல் கொடுத்தால்தான் மற்றவர் காலை எடுப்பார். எதிர்முனையில் இருந்து குரல் வராமல் ஓடுகிறவன் மடையன் என்று சிறுவயதில் அவருக்குப் படிப்பித்திருக்கிறார்கள். பேஸ்பாலில் அப்படிக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. பின்னால் ஒருவன் அடித்தால் முன்னால் நிற்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு பாயவேண்டும். இவரோ இரண்டாம் மூலையில் நின்று, அடித்தவனைத் திரும்பிப் பார்ப்பார். அவன் என்ன சொல்கிறான் என்று பார்ப்பார். அவன் பெரும்பாலும் எங்கள் யப்பானியரில் இளையவன், ஒன்றும் சொல்லமாட்டான். அதற்குள் பந்து வந்துவிடும்.

ஓடுகிறவருக்கு உதவ மூன்றாம் மூலைக்குப் பக்கத்தில் எங்கள் பெடியன் ஒருவன் நிற்பது வழக்கம். "லோப்! லோப்!" என்று அந்தப் பெடியன் நோர்வேஜிய மொழியில் ஓடச் சொல்லிக் கத்துவான். இவர் அவனைப் பார்த்து யோசிப்பார். பஸ் பயணி யாரோ வழி கேட்ட மாதிரி நிதானமாக யோசிப்பார்.

காரில் வரும்போது நான் கேட்பேன், "ஏனப்பா ஓடேல்லை?"

"எனக்கு ஆரும் சொல்லேல்லை."

"அந்தப் பெடியன் தொண்டை கிழியக் கத்தினவனே!"

"அவன் எல்லாத்துக்கும் கத்துவான். நிலமும் சரியில்லை, ஒரே சரளைக்கல்லு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதைச் சொல்லிவிட்டு நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

யூலை மாதத்தில் ஒரு தோல்விக்குப் பிறகு கியூபாக்காரர் எங்களிடம் வந்தார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாது. அடுத்த ஆண்டு புதிய பெடியன்கள் வருகிறார்கள், இடம் குறைவு, ஓடுகிறவர்களைத்தான் வைத்திருப்பேன், கடைசி ஆட்டம் முடிந்த பிறகு முடிவு சொல்கிறேன் என்றார். என்னுடையவர் தலையாட்டினார். காரில் ஏறிச் சாவியைப் போட்டார்.

"என்னை நிப்பாட்டப் போறாங்கள் போலை" என்றார்.

எனக்குக் கவலை வந்தது. அவருக்காக மட்டும் இல்லை. அந்த நீளமான ஞாயிற்றுக்கிழமைகள் திரும்ப வந்து வீட்டுக்குள் குந்தப் போகின்றன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "நிப்பாட்டுவினம், உங்களை? நான் விடுவனே?" என்று சும்மா சொன்னேன். என்ன செய்வதென்று எனக்கே தெரியாது.

அடுத்த கிழமை நான் வேலிக்கு வெளியே, கையில் பாதி கடித்த ரோல்சுடன் நின்றேன். இவர் இரண்டாம் மூலையில். பின்னால் ஒரு பெடியன் நல்ல அடி ஒன்று அடித்தான். இவர் வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தார். பொறுக்க முடியவில்லை. வாய்க்குள் இருந்த ரோல்சோடு சேர்த்து, "ஓடுங்கோப்பா! ஓடுங்கோ!" என்று கத்தினேன்.

மனிதர் பறந்தார். மூன்றாம் மூலையைத் தாண்டி, தொப்பி கழன்று விழ, வெள்ளைத் தட்டை மிதித்துவிட்டுத்தான் நின்றார். நின்ற பிறகுதான் ஓடியதே அவருக்குத் தெரிந்தது போல இருந்தது. எல்லோரும் அவரைப் பார்த்துக் கை தட்ட, கியூபாக்காரர் மட்டும் என்னைப் பார்த்தார்.

ஆட்டம் முடிந்ததும் வந்து, "நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டார்.

"ஓடச் சொன்னேன்."

"நாங்களும் அதைத்தானே சொல்கிறோம்?"

"நீங்கள் சொன்னால் அவர் யோசிப்பார். நான் சொன்னால் யோசிக்க விடமாட்டேன். இருபத்தைந்து வருடப் பழக்கம்."

அவர் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். மூன்றாம் மூலையில் இனி நீதான் நிற்கிறாய் என்றார். எனக்கு வேலை இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது என்று நான் சொன்ன ஒன்றையும் அவர் கேட்கவில்லை. தொப்பி எனக்குப் பெரிது. ஆனாலும் அன்றைக்கு வீடு வரும்வரை கழற்றவில்லை.

பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். பின்னேரங்களில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியில் நான்கு சப்பாத்துகளை மூலைகளாக வைத்துப் பழகினோம். நான் "நில்லுங்கோ" என்றால் நிற்கவேண்டும், "ஓடுங்கோ" என்றால் ஓடவேண்டும். பக்கத்து வீட்டு நோர்வேஜியப் பெண் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, எங்களுக்குள் ஏதும் பிரச்சினையா என்று அடுத்த நாள் மெதுவாக விசாரித்தாள். பிரச்சினை இல்லை, பயிற்சி என்றேன். தன் கணவருக்கும் அப்படி ஒரு பயிற்சி தேவை என்றாள்.

எனக்கும் படிக்க நிறைய இருந்தது. ஓடச் சொல்வது லேசு, எப்போது சொல்வது என்பதுதான் கஷ்டம். தூரத்தில் பந்தை எடுக்கிறவன் குனிகிறானா, நிமிர்ந்துவிட்டானா, அவனுடைய கை பலமா என்று பார்க்கவேண்டும். காப்பகத்தில் ஒரே நேரத்தில் பல பிள்ளைகளில் கண் வைத்துப் பழகியது அங்கே உதவியது. கணவரை மட்டும் இல்லை, எல்லோரையும் தமிழில்தான் ஓடச் சொன்னேன். விரைவாக ஓடச் சொல்லி நான் கத்துகிற "கெதியா" என்ற சொல் யப்பானியப் பெடியனுக்குப் பிடித்துவிட்டது. சாப்பிடும்போதும் அதையே சொல்லித் திரிந்தான்.

ஆனால் அணி திருந்தியதா என்றால், இல்லை. இரண்டு ஆட்டம் அடுத்தடுத்து வென்றோம். மூன்றாவதில் முன்னுக்கு நின்றுகொண்டிருந்து, முடிகிற நேரத்தில் எங்கள் பந்து எறிகிறவன் பந்தைத் தன் ஆளின் தலைக்கு மேலால் எறிந்து எல்லாவற்றையும் கெடுத்தான். வெண்ணெய் திரளும்போது தாழியை உடைப்பதில் எங்களை மிஞ்ச ஆள் இல்லை. அன்றைக்கு நான் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தேன். "உமக்கு என்னைவிட விசர் பிடிச்சிட்டுது" என்று என் கணவர் சிரித்தார். அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டு எவ்வளவோ காலம்.

கடைசி ஆட்டம் செப்டெம்பரில், நல்ல குளிர் காற்று. முந்தின நாள் முழுக்க இவர் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் சப்பாத்து நாடாவைக் கட்டி, அவிழ்த்து, திரும்பக் கட்டினார். "இண்டைக்கு எப்பிடியும் ஓடிக் காட்டவேணும்" என்றார். நான் பிள்ளையாரையும், அவருடைய தாயின் வழியில் மடு மாதாவையும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன். ஒருவருக்கு நேரமில்லாவிட்டால் மற்றவர் பார்ப்பார்.

ஆட்டம் முடியப் போகிறது. நாங்கள் ஒரே ஓர் ஓட்டம் பின்னால். இன்னும் ஒருவர் அவுட் ஆனால் எல்லாம் முடிந்தது. இவர் இரண்டாம் மூலையில். யப்பானியப் பெடியன் அடித்த பந்து வலது பக்கம் தூரத்தில் போய் விழுந்தது. "ஓடுங்கோ!" என்றேன். இந்த முறை அவர் அடித்தவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தையும் பார்க்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்தார். கலியாணத்தன்றுகூட அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நிற்கச் சொல்வதா, விடுவதா? தூரத்தில் நின்றவன் குனிந்திருந்தான். கையைச் சுழற்றி, "போங்கோ! போங்கோ!" என்று கத்தினேன். அவர் என்னைத் தாண்டிப் போனார். அப்போதுதான் குனிந்தவன் நிமிர்ந்தான். அவன் எறிந்த பந்து நான் நினைத்ததைவிட வேகமாக வந்தது. இவர் நெஞ்சு நிலத்தில் பட விழுந்து, கையை நீட்டி, தட்டைத் தொடப் போனார். ஒரு சாண் தூரம். பந்து முந்திவிட்டது.

அவுட். தோல்வி. பட்டியலிலும் நாங்கள்தான் கடைசி.

நான் இருந்த இடத்திலேயே நின்றேன். அனுப்பியது நான். அவருடைய இடத்தை நானே பறித்துவிட்டேன் என்று கண் கலங்கியது. அவர் எழும்பி, முழங்கையில் இரத்தம், தாடையில் மண், மூச்சு வாங்க என்னிடம் நடந்து வந்தார்.

"நான் பிழையாச் சொல்லிப்போட்டன் அப்பா" என்றேன்.

"அதை விடும். நான் எப்பிடி ஓடினனான்?"

நான் பதில் சொல்வதற்குள் கியூபாக்காரர் பாய்ந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். "ஓடினான்! பார்த்தாயா, ஓடினான்!" என்று, தோற்ற அணியின் தலைவர் என்பதையே மறந்து துள்ளினார். உள்ளரங்கில் பயிற்சி சனவரியில் தொடங்குகிறது, இருவரும் வரவேண்டும், பிந்தக்கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்து அவருடைய முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது மகள் அழைத்தாள். "அம்மா, வெண்டதோ?" என்றாள்.

"தோத்துப்போச்சு!" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தோம். சிரிப்பை நிறுத்த முடியவில்லை. மருந்துப் போத்தலும் கவிழ்ந்துவிட்டது.

"தோத்ததுக்கு ஏன் சிரிக்கிறீங்கள்? என்ன நடந்தது?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

என் கணவர் கைபேசியை என்னிடமிருந்து வாங்கினார்.

"அம்மா ஓடச் சொன்னவ" என்றார். "நான் ஓடினனான்."